முழுக்கை ஸ்வெட்டர்

இந்த வக்கீல் பெண்ணுக்குக் காபியில் சர்க்கரை போடலாமா வேண்டாமா என்றுதான் இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்களோ உட்கார்ந்ததும் ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன், மிஸ் கோம்ப்ஸ். குரலை மட்டும் தாழ்த்திக்கொள்ளுங்கள். உள்ளே என் பேத்தி ரூபி தூங்குகிறாள்.

ஸ்வெட்டர் என்னுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கவுண்டி சிறைக்குப் போகிற பெண்கள் எல்லோருடைய காரிலும், பின் சீட்டில் அப்படி ஒன்று கிடக்கும். தோள் தெரிந்தால் உள்ளே விடமாட்டார்கள். திருப்பி அனுப்பப்பட்டு அழுதுகொண்டு வருகிறவளுக்கு முன்பின் தெரியாதவள்கூடத் தன்னுடையதைக் கழற்றிக் கொடுப்பாள். என் மருமகள் டெஸா வாராவாரம் கையில்லாத சட்டையோடுதான் வருவாள்.

"வெல்மா, அந்தக் கிழவி ஸ்வெட்டரக் குடு. என் தோளப் பாத்தா கவுண்டியே கவுந்துடுமாம்."

மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள். நான் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

ஷேன் எனக்கு ஒரே மகன். செம்புக் கம்பி திருடியதற்குப் பத்து மாதம். நன்னடத்தைக்காகக் கண்ணாடித் தடுப்பு இல்லாமல், மேசையில் அரைமணி நேரம் உட்கார விட்டார்கள். ரூபி அவன் மடியில் இருப்பாள். அப்போது எட்டு மாதக் குழந்தை. வெளியே வர மூன்று வாரம் இருக்கும்போது அவன் சொன்னான்:

"அம்மா, வந்ததும் நாங்க ஓஹையோவுக்கே குடி போறோம். டெஸாவோட அண்ணன் வேல பாத்து வெச்சிருக்கான்."

"ரூபி?"

"இது என்ன கேள்வி? புள்ளைய உங்கிட்டயா விட்டுட்டுப் போவாங்க?" டெஸா சிரித்தாள். "கிறிஸ்மஸுக்குக் கூட்டிட்டு வரோம். நீ அந்த உப்பில்லாத பீன்ஸ ஆக்கி வெக்காம இருந்தா."

ஷேனும் சிரித்தான். நானும் சிரித்தேன். பீன்ஸில் உப்பு சரியாகத்தான் இருக்கும். உப்புப்போட்ட பன்றிக் கொழுப்போடு வேக வைக்கிறேன், தனியாக எதற்கு?

அதற்கு முந்தின வருடம் எங்கள் சர்ச்சில் ஒருத்தியின் மகள் சிறைக்குள் எதையோ கொண்டுபோய்ப் பிடிபட்டாள். குழந்தையைப் பாட்டியிடம் ஒப்படைத்தார்கள். அந்தப் பாட்டியைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். ஓஹையோ பேச்சு வந்த அன்று அது ஞாபகத்துக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டில் கொள்ளுமா என்று அளந்து பார்த்தேன். கொள்ளும்.

என் கணவருக்குப் புற்றுநோயின்போது கொடுத்த வலி மாத்திரைகளில் மூன்று மீதியிருந்தன. ஸ்வெட்டர் பையில் வைத்து, வாயைச் சாம்பல்நிற நூலால் தைத்தேன். சின்னச் சின்னத் தையல். எனக்கு அவசரத் தையல் பிடிக்காது.

அடுத்த ஞாயிறன்று வாசல் மேசையில் இருந்த காவலர் லைல். சர்ச்சில் எனக்கு முன் வரிசை. டெஸா காரிலிருந்து வருவதற்குள், "அவள இன்னிக்கு நல்லாப் பாத்து அனுப்பு லைல். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத," என்றேன்.

அவர் டெஸா போட்டிருந்த ஸ்வெட்டரின் பையைத் தடவினார். "என்னம்மா இது?"

"எனக்கென்ன தெரியும்? ஸ்வெட்டர் இவங்களோடது. வெல்மா, சொல்லேன்!"

ரூபி என் இடுப்பில் இருந்தாள். "போன கிறிஸ்மஸுக்கு நான் இவளுக்குக் குடுத்தது, லைல்," என்றேன். கொடுத்தது உண்மைதான். கிறிஸ்மஸை மட்டும்தான் நான் சேர்த்தேன்.

டெஸா என் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கைவிலங்கு போடத் தோதாக ஸ்வெட்டரை அவளே கழற்றினாள்.

ஒரு தவறு செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். விதிமுறைத் தாளைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். வரிசையில் நிற்கும்போதெல்லாம் படித்திருக்கிறேன், பார்க்க வருகிறவர்களுக்கு என்ன தண்டனை என்பது மனப்பாடம். பின்பக்கம் ஒன்று இருக்கிறதென்று தெரியாது. கைதிக்கு என்ன ஆகும் என்பது அங்கே இருந்தது. நன்னடத்தைக்காகக் குறைத்த நாட்கள் போய்விடும், தனி அறை. அதுகூடப் பரவாயில்லை, சில மாதம்தான். ஆனால் மனைவி பிடிபட்டதைக் கேட்டதும் ஷேன், "நாந்தான் கொண்டாரச் சொன்னேன். உள்ள என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியாது," என்று எழுதிக் கொடுத்துவிட்டான். முதல் வாக்கியத்தை நம்பினார்கள். இரண்டாவதை நம்பவில்லை. அவனுக்கு ஐந்து வருடம், மாநிலச் சிறையில். டெஸா இன்னும் இங்கே கவுண்டி சிறையிலேயே விசாரணைக்குக் காத்திருக்கிறாள்.

அவன் சொன்னது பொய். எனக்காக அவன் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அவனைப் பார்க்கப் போகிறீர்களா என்று கேட்கிறீர்கள். நான்கு மணி நேர டிரைவ். குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிப் போவது?

ஸ்வெட்டரும் மாத்திரையும் என்னுடையவை என்று நீங்கள் எழுதிக் கொண்டுவந்த தாளைப் படித்தேன். இந்தமுறை பின்பக்கமும் படித்தேன். நான் கையெழுத்துப் போட்டால் டெஸா வியாழக்கிழமையே வீட்டுக்கு வந்துவிடலாம், ஷேனின் வழக்கையும் மறுபடி எடுப்பார்கள். டெஸாவுக்கு நீங்கள் நல்ல வக்கீல். எனக்கு அவர்கள் இரண்டு பேர்மீதும் கோபமில்லை.

கேட்கிறதா? எழுந்துவிட்டாள். 'மம்மா' என்கிறாள். ஆறு மாதமாக அது நான்தான். போன வாரத்திலிருந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். என்னைக் காணாவிட்டால் மூச்சு முட்ட அழுகிறாள்.

பேனாவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மிஸ் கோம்ப்ஸ். யாராவது கேட்டால் நாம் காபிதான் குடித்தோம் என்று சொல்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கிற காகிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.