வரப்பு தாண்டாத மருந்து

— மணி பதினொண்ணு. கடல்காத்து வந்துட்டு. இப்பப் பறத்து பாப்போம் ஒன் ட்ரோன, வேல்விழி.

— மருந்து அடிக்கிற நேரமா இது, மந்திரமூர்த்தி அண்ணாச்சி? விடியக்காலம் காத்து அடங்கிக் கெடக்கும்.

— காத்து இல்லாம பறத்துனா அது சோதனையா? போன பிசானப் பட்டத்துல பக்கத்து வயலு செல்வதுரைக்கு அடிச்ச மருந்து வரப்பு தாண்டி என் நெல்லுல விழுந்துச்சே, மறந்துட்டியா?

— மறக்க விட்டீங்களா? ஊர்க்கூட்டத்துல நிக்க வச்சு மன்னிப்பு கேக்க வச்சீங்க.

— தூத்துக்குடி துறைமுகத்துல கிளியரிங் ஆபீஸ் வேலைய விட்டுட்டு எவளாவது இதுக்கு வருவாளா?

— வந்துட்டேன். டேங்குல வெறும் தண்ணிதான். உங்க வரப்பு நெடுகயும் செல்வதுரை வயலுக்குள்ளயும் மஞ்சத்தாளு வச்சிருக்கேன். ஒரு சொட்டு பட்டாலும் நீலமாயிரும்.

— என் வரப்புல ஒரு புள்ளி நீலம் கண்டாலும் நாளைக்கு செல்வதுரைக்கு மருந்து கெடையாது. பொறவு இந்த ஊருலயே நீ பறத்தக் கூடாது.

— சம்மதம். தள்ளி நில்லுங்க, வேட்டி பறக்கும்.

— ஏளா, என்ன இம்புட்டுத் தாழ விடுத? நெல்லு சாஞ்சிராதா?

— சாயாது. போன தடவ ஒசத்தி விட்டதுதான் தப்பு. இப்ப றெக்கைக் காத்தே மருந்தத் தூரு வரைக்கும் அமுக்கிரும். குழாயும் புதுசு. பழசு பொகை மாதிரி விடும். இது கனத்த சொட்டு, காத்து தூக்காது.

— வாய் மட்டும் கொறையல.

— எறங்கிட்டு. வாங்க, தாள நீங்களே எடுங்க.

— இது மஞ்சள். இதுவும் மஞ்சள். இதுவும்... இந்தா! கடைசித் தாள்ல நீலம்! மாட்டுனியா?

— அது உங்க கட்டவெரலு, அண்ணாச்சி. வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு.

— செல்வதுரை வயல்ல வச்ச தாளு?

— மேல, நடுவுல, தூருல, அம்புட்டும் நீலம். ஒரு எலை தப்பல.

— செயிச்சிட்ட. போ.

— அத ஊர்க்கூட்டத்துல சொல்லணும். நின்னுக்கிட்டு.

— சொல்லுதேன், சொல்லுதேன்.

— அண்ணாச்சி, உங்க நெல்லப் பாருங்க. எலையெல்லாம் கண்ணு கண்ணா புள்ளி. குலைநோய்லா இது!

— ஒரு வாரமாப் பாக்கேன். போன பிசானத்துல மருந்து அடிக்காத வயலு பூராக் கருகிச்சு. என் துண்டு வயலு மட்டும் பச்சையா நின்னுச்சு.

— அப்ப நீங்க என்ன அடிச்சீங்க?

— நானா? என் நெல்லுல மருந்தே படக்கூடாதுன்னு நின்னவன்லா.

— அப்ப, வரப்பு தாண்டி வந்த என் பொகைதான்...

— மெதுவாப் பேசு, செல்வதுரை வாரான். ஏளா, நாளைக்கு வரும்போது அந்தப் பழைய குழாய மாட்டிட்டு வாரியா?