ஆட்சேபணை இல்லைங்க

பாயெல்லாம் வேண்டாமுங்கக்கா. இந்தக் கல்லு மேலயே உக்காந்துக்கறேன். மொதல்ல நீங்க உக்காருங்க. நீங்க நின்னுட்டே இருந்தா எனக்குப் பேச்சே வராதுங்க. எங்கய்யன் முன்னால நின்னு பழகிப்போச்சுங்கறது தெரியுது. நான் அவரில்லீங்க. உங்க தம்பி கதிரேசன்கூட ஆறாவது வரைக்கும் ஒரே பெஞ்சுல உக்காந்த கதிர்வேலு நானு. ஆமாங்க, பீளமேட்டுல கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கறவனேதான். உக்காருங்க செவ்வந்தியக்கா.

தண்ணிங்களா? குடுங்க, குடிக்கிறேன். வேற சொம்பு எதுக்குங்க தேடறீங்க? அதுலயே குடுங்க. காந்திபுரத்துல இருந்து பொள்ளாச்சி, பொள்ளாச்சில இருந்து டவுன் பஸ்சு, அங்கிருந்து நடை. தொண்டை காஞ்சு போச்சு.

மணி நாலேகாலுங்களா. சேரி, இருக்குது. ஆறு மணிக்குள்ள உங்க ஃபோன்ல ஒரே ஒரு பட்டன் அமுத்தோணுமுங்க. அதை நீங்கதான் அமுத்த முடியும், நான் அமுத்துனா செல்லாது. அதுக்குத்தான் வந்தேன். வேறொண்ணுமில்லை.

வர்ற வழியில உங்க தென்னம்பிள்ளையப் பாத்துட்டுத்தான் வந்தேன். எத்தன வெச்சிருக்கீங்க? நூத்தி இருவதுங்களா? பாதிக்குக் குருத்து சாஞ்சு கெடக்குது. போன சனிக்கெழமை உங்க முறைத் தண்ணி வந்துச்சுங்களா? வந்துச்சுங்கறீங்களா? எவ்வளவு? கணுக்கால் நனைஞ்சுதுங்களா? அக்கா, மண்ணு கை நொழையற அளவுக்கு வெடிச்சுக் கெடக்குது. எங்கிட்டயே கொஞ்சம் வந்துச்சுங்கன்னு சொல்றீங்களே. எனக்கு என்ன எரிச்சல் வருதுன்னு உங்களுக்குத் தெரியாது.

உங்க மேல கோவமில்லீங்க. ஃபோன்ல இருக்கற தண்ணிப் பதிவுல என்ன இருக்குது தெரியுங்களா? சனிக்கெழம காலைல எட்டு மணில இருந்து பன்னெண்டு வரைக்கும், கடைமடை செவ்வந்திக்கு நாலு மணி நேரமும் முழுசாத் தண்ணி வந்துச்சு. ஆட்சேபணை இல்லை. அப்படி இருக்குது. இன்னைக்குப் பொழுதோட ஆறு மணி ஆச்சுன்னா அதைப் பூட்டிரும். பூட்டுனதுக்கப்புறம் கலெக்டரு வந்தாலும் மாத்த முடியாது. செவ்வாக்கெழமை வாய்க்காலைச் சாத்தறாங்க. அடுத்து எட்டு மாசம் கழிச்சுத்தான். இந்தப் பிள்ளைக எட்டு மாசம் தாங்குமுங்களா?

அதேதான் சொல்றேன். நீங்க ஆட்சேபணைன்னு அமுத்துனா, வாய்க்கா சாத்தறதுக்கு முன்னாடி வராத தண்ணிக்கு ஈடா ஒரு முறை பாசனச் சங்கத்துக்காரங்க உங்களுக்கு விட்டே ஆகோணும். நாலு மணி நேரம். அந்த விதிய எழுதுனதே நாந்தானுங்க.

ஆமா, ஃபோன்ல இருக்கற அந்தத் தண்ணி ஆப்பு எங்க கம்பெனி செஞ்சதுதான். உங்களுக்கு யாரும் ஒழுங்காச் சொல்லீருக்க மாட்டாங்க. வந்தாங்க, ஃபோன்ல ஏத்துனாங்க, பிளாக்செயின்னு ஒரு வார்த்தை சொன்னாங்க, டீ குடிச்சாங்க, போயிட்டாங்க. நாஞ் சொல்றேன் கேளுங்க. இது நோட்டுப் புத்தகம் மாதிரிதான். ஆனா ஒருத்தரு கையில இருக்கற நோட்டு இல்லை. நம்ம கெளை வாய்க்கால்ல நாப்பத்திரண்டு பேரு. நாப்பத்திரண்டு பேரு ஃபோன்லயும் அதே நோட்டு இருக்கும். ஒருத்தரு ஒரு வரி எழுதுனா எல்லா ஃபோனும் அதைச் சரி பாக்கும், பொறவுதான் ஏறும். சங்கத் தலைவரு வந்து ராவோட ராவா அடிச்சு எழுத முடியாது. மொத வருசம் எவ்வளவு நல்லா ஓடுச்சு! தண்ணிய விடறவரு விட்டாச்சுன்னு அமுத்தோணும், வாங்கறவரு வந்துச்சுன்னு அமுத்தோணும். ரெண்டும் இருந்தாத்தான் ஏறும். நம்ம ஊரு வழக்கமே அதானுங்களே. அடுத்த முறைக்காரரு மம்பட்டியோட மடைல வந்து நின்னு, ஏனுங்க சாத்திக்கலாமுங்களான்னு கேப்பாரு. இவரு சாத்துவாரு, அவரு தொறப்பாரு. ரெண்டு பேரும் மொகம் பாத்துக்குவாங்க. அதைத்தான் அப்படியே ஃபோன்ல வெச்சேன்.

அதோட விட்டிருக்கோணும். விடுவாங்களா? நல்லா இருக்குதுன்னு நாப்பத்தஞ்சு கெளை வாய்க்காலுக்கும் போட்டாங்க. ஆயிரத்தித் தொள்ளாயிரம் பேரு. அத்தன ஃபோனும் அத்தன வரியையும் சரி பாக்கோணுமில்லைங்களா? ஒருத்தரு அமுத்துனா அது ஏற முக்கா மணி நேரம் ஆச்சு. தண்ணி பாத்திக்குப் போயிச் சேந்துரும், பதிவு வந்து சேராது. என்னைப் போட்டு வறுத்தெடுத்தாங்க.

எங்க டீம் லீடு சுரேந்தருன்னு ஒருத்தரு. ஒரு தடவைக்கு ஏத்தற மூட்டையப் பெருசாக்குன்னாரு. நூறு வரி ஏத்தற எடத்துல ரெண்டாயிரம் வரி. ஆக்குனேன். உங்க ஃபோனு மாதிரிப் பழைய ஃபோனெல்லாம் சூடாகி நின்னுபோச்சு. கடைசில பெரிய ஃபோனு, கம்ப்யூட்டரு வெச்சிருக்கற ஒம்பது பேருகிட்டத்தான் நோட்டு மிஞ்சுச்சு. எல்லாம் பெரிய தோட்டத்துக்காரங்க. ஒம்பது பேரு சரி பாத்தா அது பழைய சங்கத்து நோட்டுத்தானுங்களே, இதுக்கு எதுக்கு நாங்க?

சேரின்னு கெளைக்கு ஒண்ணாப் பிரிச்சேன். அந்தந்தக் கெளைக்காரங்க அவங்க நோட்டை மட்டும் பாத்துக்கட்டும்னு. வேகமா ஓடுச்சு. ஆனா கோபாலசாமி அண்ணனுக்கு மூணாங் கெளைலயும் பூமி, நாலாங் கெளைலயும் பூமி. இந்த நோட்டுக்கு அந்த நோட்டு பேசவே இல்லை. ஒரே நேரத்துல ரெண்டு எடத்துலயும் முறை வந்துச்சு. அடுத்த தடவை ரெண்டு எடத்துலயும் வரலை. மனுசன் ஆபீசுக்கே வந்து, தம்பி நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களான்னு ரொம்ப மரியாதையாக் கேட்டுப்போட்டு, அப்புறம் பேசுனாரு பாருங்க. மறக்க மாட்டேன்.

கடைசியா ரோலப்புன்னு ஒரு வழிக்கு வந்தோம். எல்லா வரியையும் பீளமேட்டுல ஒரு மெசின்ல வாங்கிக்கறது. அன்னைக்கு வந்த அத்தனையும் சுருட்டி, பொழுதோட ஆறு மணிக்கு ஒரே வரியாப் பெரிய நோட்டுல ஏத்தறது. உலகம் பூரா இப்படித்தான் செய்யறாங்க. வந்ததெல்லாம் நெசம்னு எடுத்துக்கறது. பொய்யின்னா ஏழு நாளைக்குள்ள பாதிக்கப்பட்டவரு ஆட்சேபணை சொல்லலாம். சொல்லலைன்னா நெசம். பூட்டு.

அப்படியும் பளுவு கொறையலைங்க. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. யோசனை என்னுதுதானுங்க, வேற யாரு மேலயும் பழி போடலை. வாங்கறவரு எதுக்கு வந்துச்சுன்னு அமுத்தோணும்? வரலைன்னா அவரே ஆட்சேபணை சொல்லீருவாருல்ல? அந்தப் பட்டனையே தூக்கிப்போட்டேன். பாதிப் பளுவு போச்சு. ரெண்டே செகண்டுல ஏறுச்சு. சுரேந்தரு எனக்குக் கேக் வாங்கி வெட்டுனாருங்க.

சிரிக்காதீங்கக்கா. நெசமாத்தான், கேக்கு.

கணக்குப் போட்டே நிரூபிக்கற வழி ஒண்ணு இருக்குதே, அது நல்லா இருக்குமேன்னு எங்க ஆபீசுல சாய்ப்ரியான்னு ஒரு புள்ளை சொல்லுச்சு. நல்ல வழிதான். ஏழு நாளு காத்திருக்கறதே வேண்டாம். ஆனா அமுத்துனது உண்மைன்னு அது நிரூபிக்கும். மடையச் சாத்துனாங்களான்னு அதுக்கு எப்படித் தெரியும்? மடைல நிக்கற ஆளுக்குத்தான் தெரியும்.

மூணு மாசமா ஓடுதுங்க. ஆயிரத்தித் தொள்ளாயிரம் பேரு. எத்தன ஆட்சேபணை வந்திருக்கும்? சும்மா ஒரு நெம்பரு சொல்லுங்க. ஒண்ணு கூட இல்லீங்க! ஒண்ணே ஒண்ணு கூட! வாய்க்காத் தண்ணிக்கு மம்பட்டி தூக்கிட்டுப் போற ஊருல, மூணு மாசம் எல்லாரும் புத்தரு ஆயிட்டாங்களா? நானும் மொதல்ல சந்தோசப்பட்டேன். பொறவுதான் ஒறைச்சுது. நம்மாளுக மடைல நேருக்கு நேரு நின்னா சண்டை போடுவாங்க, சாயந்தரமே ஏனுங்க சௌக்கியமான்னு பேசிக்குவாங்க. ஆனா எழுத்துல, பேரோட, ஊரே பாக்கற மாதிரி, இன்னாரு பொய்யின்னு போடச் சொன்னா? மரியாதை கெட்டுரும்னு போட மாட்டாங்க. பங்காளி மேல போட மாட்டான், சம்பந்தி மேல போட மாட்டான், பக்கத்துக் காட்டுக்காரன் மேல போட மாட்டான். எங்க சாப்டுவேர்ல சும்மா இருந்தா சம்மதம்னு அர்த்தம். நம்ம ஊருல சும்மா இருந்தா என்ன அர்த்தம்னு இங்கயே பொறந்து வளந்த எனக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சும் செஞ்சுபோட்டேன்.

ஃபோனு அடிக்குது. சுரேந்தருதான். அடிக்கட்டும். திங்கக்கெழமை பெரிய மீட்டிங்கு. மொத்தப் பாசனத்துக்கும் இதே முறையக் கொண்டு போறாங்க, நாப்பதாயிரம் பேருக்கு. நாந்தான் பேசோணும். மொதப் பக்கத்துலயே பெரிய எழுத்துல போட்டு வெச்சிருக்காங்க. மூணு மாசம், ஆட்சேபணை பூஜ்ஜியம்.

மணி என்னங்க? அஞ்சே காலா? பேசிப் பேசியே ஓட்டிப்போட்டேன்.

சொல்லுங்கக்கா, ஏன் அமுத்தலை? படிக்கத் தெரியலைன்னு சொல்லாதீங்க. உங்க அண்ணன் மக கல்யாணப் பத்திரிகைய வாட்சப்புல ஊருக்கே அனுப்புனது நீங்கதான், கதிரேசன் சொன்னான். சனிக்கெழம எட்டு மணிக்கு மம்பட்டியோட வந்து நின்னீங்கல்ல? பத்து வரைக்கும் நின்னீங்கல்ல? அப்புறம் ஏனுங்க ஒண்ணும் பேசாமத் திரும்பிப் போனீங்க?

மரியாதைங்களா. பயமில்லை, மரியாதை. சேரிங்க. எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலை.

உங்க பாத்திக்குத் தண்ணி எங்கய்யன் தோப்பத் தாண்டித்தான் வரோணும். நான் எதுக்குச் சுத்தி வளைக்கறேன்? மேல்மடை பாலுசாமி. எங்கய்யன். இதுக்கு முந்தின ரெண்டு முறையும் இப்படித்தான் ஆச்சுங்களா? தலையாட்டாதீங்க, வாயால சொல்லுங்க. அது ரெண்டும் பூட்டிப்போச்சுங்க, ஒண்ணும் பண்ண முடியாது. இது ஒண்ணுதான் மிச்சம். அமுத்துனா எங்கய்யன் பேருதான் மேல வரும். ஊரு பேசும். நாளைக்குத் தேங்கா உரிக்கக் கூப்பிட மாட்டாங்கன்னுதானே யோசிக்கறீங்க? கூப்பிட மாட்டாருதான். நானும் ஊட்டுக்குப் போயி அவரு மொகத்துல முழிக்கோணுமுங்க.

இல்லீங்க, நானே திருத்த முடியாது. அமுத்துனவன் அழிக்க முடியாதுன்னு வெச்சதும் நாந்தான். அழிக்க விட்டா ஏமாத்துவாங்களாம். பெரிய புத்திசாலி.

எங்கய்யனுங்களா? அவருக்கு எங்கீங்க அந்த ஃபோனெல்லாம் தெரியும்? பச்சை பட்டனு எது, செவப்பு பட்டனு எதுன்னு இன்னும் தெரியாது. எப்பவும் எங்கம்மாதான் அமுத்தும். போன வாரம் நான் லீவுல வந்திருந்தேன். எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டுட்டு இருந்தேனுங்க. தோப்புல இருந்து வந்தாரு, ஃபோனை நீட்டுனாரு. கண்ணு, விட்டாச்சுன்னு அமுத்திப் போடுன்னாரு. மடையச் சாத்திட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க நானு. அப்பங்கிட்ட அப்படிக் கேக்கறதுண்டா? எச்சக் கையி வேண்டாம்னு எடது கையில அமுத்திப்போட்டு அடுத்த இட்லியப் புட்டுட்டேன்.

கை கழுவிட்டுத் தோப்புப் பக்கம் போனேன். மடை தொறந்தே கெடக்குது, தண்ணி எங்க பாத்தில ஓடிட்டிருக்குது. அந்தப் பக்கம் வரப்புல மம்பட்டிய ஊனிட்டு நீங்க நிக்கறீங்க. எங்கய்யன் மம்பட்டி எங்கால் கிட்டயேதானுங்க கெடந்துச்சு. நாலு வெட்டு வெட்டுனா மடை சாத்தீருக்கும். பின்னாலயே வந்து நின்னுட்டு அவரு என்னையே பாக்கறாரு. வெயிலாகுது, வாங்க ஊட்டுக்குப் போலாம்னு அவரக் கூட்டிட்டு வந்துட்டேனுங்க.

ஃபோனு எங்கீங்க வெச்சிருக்கீங்க? உள்ளயா? எடுத்துட்டு வாங்கக்கா. சார்ஜ் இருக்குதான்னு பாத்துக்கங்க.