குரூஸ் ஐயாவுக்கான இருபத்தெட்டு அசைவுகள்

வெறும் வயிற்றில் உடற்பயிற்சி செய்வதுதான் நல்லது, ஐயா. இரண்டு இடியப்பம் தின்றுவிட்டுக் குந்தி எழும்பினால் நெஞ்சுக்குள் நிற்கும். இதை முப்பத்தெட்டு வருசம் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். இளைப்பாறிய பிறகு பேசாலைக் கடற்கரையில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்கிற சனம் குறைவு. நீங்களாவது கேளுங்கள். கேட்டதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நான் ஒன்றையும் மறைக்கப் போவதில்லை.

என் பெயர் லம்பேட். ஊரில் மாஸ்டர் என்றால் நான்தான். எங்கள் காலைக் குழுவில் முப்பத்தொரு பேர். எல்லாரும் சீனி வருத்தக்காரர், முழங்கால் நோக்காரர். ஸ்பீக்கர் பொக்ஸில் பாட்டைப் போட்டுவிட்டு எட்டு எட்டாக எண்ணுவேன். அதில் பாதிப்பேர் ஏழில் நின்றுவிடுவார்கள். எனக்கு அது எப்போதும் எரிச்சல். எட்டு என்றால் எட்டுத்தானே.

வைகாசி மாதம் டினோஜாவின் போனுக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. டினோஜா எங்கள் குழுவின் செயலாளர், மருந்துக்கடையில் வேலை. வெளிநாட்டுச் சங்கம் ஒன்று, ஒரே நாளில் உலகம் முழுவதும் போர்வீரர்களைக் கௌரவித்துத் திறந்த வெளியில் இசையோடு உடற்பயிற்சி நடத்துகிறதாம். ஓர் ஊருக்கு ஒரு வீரர். அவருடைய வாழ்க்கையிலிருந்து எடுத்த அசைவுகள். வீடியோ நேரடியாகப் போகும். வாசித்து முடித்ததும் அவள் கேட்டாள்:

“எந்தப் போர், மாஸ்டர்?”

எங்கள் குழு மாக்கிறட் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினாள். அவள் போட்டிருந்தது செருப்பு.

“இரண்டாம் உலகப் போர்,” என்றேன். எல்லாருக்கும் மூச்சு வந்தது. அந்தப் போரைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் யாரோடும் கோபமில்லை.

ஆளும் இருந்தார். சந்தான் குரூஸ் ஐயா, வயது நூற்றொன்று. பதினெட்டு வயதில் திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரருக்குக் குண்டுப்பெட்டி தூக்கினவர். யப்பான்காரன் குண்டு போட்ட அன்று பெட்டியோடு நின்றவர், ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று கேட்டால், “ஓடச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்ல,” என்பார். அப்படிப்பட்ட மனிதர். என்னுடைய முப்பத்தெட்டு வருச மாணவர்களில் ஒருத்தன்கூட அப்படி இருக்கவில்லை. அவரில் எனக்கு உண்மையான அன்பு, ஐயா. இன்றைக்கும்தான்.

இருபத்தெட்டு அசைவுகள் அமைத்தேன். பெட்டி தூக்குவது முதலாவது. தலையில் கை வைத்துக் குந்துவது பதின்மூன்றாவது. நின்ற இடத்தில் ஓடுவது பத்தொன்பதாவது. அது அவர் செய்யாதது, ஆனால் உடம்புக்கு நல்லது. இசைக்கு றொட்னியின் பாண்ட். ஊரில் தாளம் தப்பாமல் அடிக்கிறவன் அவன் ஒருவன்தான். செத்த வீட்டுக்குத்தான் அடிப்பான், தெரிந்ததெல்லாம் சவக்காலை மெட்டுகள். அதையே கொஞ்சம் விரைவாக அடிக்கச் சொன்னேன்.

இனித்தான் பனர். குரூஸ் ஐயாவின் படத்தை அச்சகத்தில் கொடுத்துப் ‘போர்வீரர், பேசாலை’ என்றும், கீழே சனி காலை ஆறு மணி, கடற்கரை, உடற்பயிற்சி என்றும் எழுதச் சொன்னேன். பிறந்த ஆண்டைச் சொன்னேன். படத்துக்கு மாலை போட்டு, கறுப்புக் கரை வைத்து, 1924 – 2025 என்று அடித்துத் தந்தார்கள். நான் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சந்தியில் நானே கட்டினேன். நீங்கள் சிரிக்கலாம். இந்தப் பக்கத்தில் ஒரு வீரரின் படத்தை இரண்டாவது ஆண்டு இல்லாமல் நான் கண்டதில்லை. அச்சகத்துக்காரரும் கண்டதில்லை. சந்தியால் போன சனமும் கண்டதில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடற்கரைக்குப் போனேன். முப்பத்தொரு பேரை எதிர்பார்த்துப் போன எனக்கு முன்னால் அறுநூறு பேர் நின்றார்கள். டினோஜா எண்ணினாள், அறுநூற்றுப் பன்னிரண்டு. எல்லாரும் வெள்ளை உடுப்பு. பக்கத்து ஊர் எருக்கலம்பிட்டியிலிருந்து ஹில்மி முதலாளிகூட வந்திருந்தார். மாக்கிறட் மலர்வளையத்தோடு வந்தாள். இது எதற்கு என்று கேட்டேன்.

“என்ன மாஸ்டர் கதைக்கிறியள்? செத்த வீட்டுக்கு வெறுங்கையோடையே வாறது?”

முதல் நாள் இரவே சந்தியிலிருந்து கழற்றிக் கரையில் கட்டியிருந்த பனரை அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். விளங்கியது. குரூஸ் ஐயா மூன்று கிழமையாகப் பேத்தி டிலோஜினியோடு அடம்பனில் இருந்தார். பேசாலை வீடு பூட்டியிருந்ததைப் பார்த்து உடல் ஆஸ்பத்திரியில் என்று சனம் முடிவு கட்டிவிட்டது. பங்குச் சுவாமி மடுக் கோயிலுக்குப் போயிருந்தார், கேட்க ஆளில்லை. உடற்பயிற்சி என்று பனரில் இருந்ததற்கும் அவர்களே காரணம் கண்டுபிடித்திருந்தார்கள்: பட்டாளத்துக்காரருக்கு இப்படித்தான் மரியாதை செய்வதாக்கும்.

மைக் என் கையில் இருந்தது. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு வசனம் போதும். ஆனால் நீங்கள் என் இடத்தில் நின்று பாருங்கள். முப்பத்தெட்டுப் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி நடத்தியிருக்கிறேன். தாய்தகப்பன்மார் தங்கள் பிள்ளையின் ஓட்டம் முடிந்ததும் எழும்பிப் போய்விடுவார்கள், பரிசளிப்புக்கு நானும் கதிரைகளும்தான். அன்று அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையாக, கை இடைவெளி விட்டு, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோசம்தான், வேறென்ன.

தொடங்கினோம். றொட்னி அடித்தான். சனம் பெட்டி தூக்கியது. கிழவிகள் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு குந்தினார்கள். செத்த வீட்டில் யாரும் அரைகுறையாகச் செய்யமாட்டார்கள், ஐயா. ஒருத்தரும் ஏழில் நிற்கவில்லை.

நாலாவது அசைவில் குரூஸ் ஐயா வந்தார்.

கௌரவ விருந்தினர் என்று அவரை நான்தானே அழைத்தது. டிலோஜினி ஆஸ்பத்திரித் தாதி, வேலை முடிந்து பின்னால் வருவதாகச் சொல்லி பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறாள். பஸ் பிந்திவிட்டது. சனம் முழுக்கக் கடற்கரையில், சந்தியில் அவரைக் கண்டவர் யாருமில்லை. பனரைக் கரையில் கிடந்த ஒரு வள்ளத்துக்கு மேலே கட்டியிருந்தோம். அதன் பின்பக்கமாக, மீன் வாடிக் குடிசைகளுக்கு நடுவால் வந்தார். நான் பனரின் ஓரத்தில் நின்றேன். எனக்கு இரண்டு பக்கமும் தெரியும். சனத்துக்கு அவருடைய படம் மட்டும்தான் தெரியும்.

“ஆர் மாஸ்டர் செத்தது? பாண்ட் அடிக்குது,” என்று மெல்லக் கேட்டார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் பிடித்துக்கொண்டார்.

“ஒரு வீரர், ஐயா. எல்லாரும் மரியாதை செய்யினம். நீங்களும் அதிலேயே நிண்டு செய்யுங்கோ.”

“ஓம்,” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் எண்ணினேன், அவர் செய்தார். அழகாகச் செய்தார். பெட்டி தூக்கிப் பழகின முதுகு.

அவர் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். சனம் கத்தும், சிரிக்கும், பிறகு கலையும். மலர்வளையத்தை எங்கே வைப்பது? வீடியோ நேரடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. பதினொரு மணிக்கு உடல் வரும் என்று நம்பித் தேத்தண்ணிக்குப் பால் காய்ச்சுகிறார்கள். இவ்வளவும் சரியாக இருந்தது, ஐயா. அவர் ஒருவர்தான் பிழையாக இருந்தார்.

அதனால் றொட்னிக்குக் கை காட்டினேன், இன்னும் விரைவாக என்று.

பதின்மூன்றாவது அசைவில் அவருக்கு மூச்சு வாங்கியது. “காணும், மாஸ்டர், போதும்,” என்றார். நான் பதினாலாவதைத் தொடங்கினேன். பதினேழில் இன்னொரு தடவை சொன்னார். பத்தொன்பதில், நின்ற இடத்தில் ஓடும்போது, “காணும், தம்பி,” என்றார். அதுவரை அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. நான் அந்த அசைவை நாலு எட்டிலிருந்து பன்னிரண்டு எட்டாக்கினேன். முன்னுக்கு நின்ற இளசுகளே திணறினார்கள். அவர் ஒன்பதாவது எட்டில், ஐந்தில் விழுந்தார். நான் ஆறு என்றேன். இருபத்தெட்டும் முடித்துவிட்டுத்தான் விசில் ஊதினேன்.

பிறகு பனரை இறக்கினோம். உடல் இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உடலுக்காக வந்தார்கள், உடல் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்காரர் பின்பக்கத்தால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதாக ஹில்மி முதலாளி பக்கத்தில் நின்றவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பெட்டி எங்கே என்று மட்டும் யாரோ தேடினார்கள்.

ஒன்பது மணிக்கு டிலோஜினி ஓடி வந்தாள். சந்தியில் பனரின் கயிறு மட்டும் தொங்குகிறது, யாரோ அவளுக்கு அனுதாபம் சொல்லியிருக்கிறார்கள். அவள் அழவில்லை. சட்டையைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“மாஸ்டர், இவர் ஏன் வேர்த்திருக்கிறார்?”

“வெயில்தானே, பிள்ளை,” என்றேன். அந்த ஒரு பொய்தான் நான் சொன்னது. அதற்கு வருந்துகிறேன்.

டினோஜா நேற்று உங்கள் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்த வீடியோவில் கேட்பது அவருடைய குரல்தான். வீடியோ எடுத்த போன் வள்ளத்தின் முன்முனை அணியத்தில் கட்டியிருந்தது, பாண்டுக்குக் கீழால் அந்த ‘காணும்’ மூன்று தடவையும் தெளிவாக விழுந்திருக்கிறது. நான் மறுக்கவில்லை. நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நிறுத்தியிருக்கலாம். “நில்லுங்கோ” என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே நின்றிருப்பார், அதற்காகத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்த பிறகும் பார்த்தார். நான்தான் கொன்றேன், தெரிந்துகொண்டே கொன்றேன்.

ஆனால் என்னை நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் அந்த மனிதருக்கு மரியாதை செய்ய விடியப்புறத்தில் எழும்பி வந்திருந்தார்கள். அவர்களை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை, ஐயா.