ஆடியில போன மனுசன்

உந்தப் படத்தை நம்பாதேங்கோ தங்கச்சி! மடியில புத்தகத்தை விரிச்சு வச்சிருக்கிறீங்களே, நீலக் கடல், மஞ்சள் வீடு, சிவப்பு வீடு... சுத்தப் பேய்க்காட்டல்! நான் போய்ப் பாத்தனான். போன வருசம் தையில, இந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தனான். மஞ்சள் வீடு இருக்குத்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா கதவெல்லாம் பூட்டு! ஒரு தேத்தண்ணிக் கடை திறந்திருந்தா என்னைக் கேளுங்கோ.

மெட்ராஸ் பக்கமோ? ஆமாவோ! நெத்திப் பொட்டைக் கண்டவுடன நினைச்சனான், அதுதான் பக்கத்தில வந்து இருந்தனான். நான் யோகராணி. பென்டில் ஹில்லில இறங்குவன். நீங்கள்?... டூங்காபியோ! அப்ப எனக்கு அடுத்த ஸ்ரேசன். நல்லதாப் போச்சு, கதைச்சுக்கொண்டு போகலாம். கொஞ்சம் உள்ளுக்கு அரக்கி இருங்கோ, இந்த றெயில்க் கதவை ஒருத்தரும் பூட்டுறேல்லை, குளிர் காத்து உள்ள வருது. சிட்னியில ஆடி மாசத்தில குளிர்! தலைகீழான நாடு.

என்ன சொல்லிக்கொண்டு வந்தனான்... ஓம், இத்தாலி. அங்க ஒரு மீன்பிடிக் கிராமமாம். கட்டாயம் பாக்கவேணுமாம். தங்கச்சி, நான் பிறந்ததே மயிலிட்டியில! விடிஞ்சா வள்ளம், படுத்தா வலை. அந்த மணம் என்னை விட்டுப் போகவேணுமெண்டு அப்பா படிப்பிச்சு, ஒரு எஞ்சினியருக்குக் கட்டிக் குடுத்து, அந்த எஞ்சினியர் என்னைச் சிட்னிக்குக் கொண்டுவந்து, பிறகு பிளேனில ஏத்திக்கொண்டு போய் என்னத்தைக் காட்டுறார்? காயப்போட்ட வலை! அதுக்கு முன்னால நிக்கட்டாம், ஸ்லைட் படம் எடுக்க. 'சிரியும் யோகம்' எண்டுறார். குளிரில பல்லுக் கிட்டிப்போச்சு, எப்பிடிச் சிரிக்கிறது?

சரி, வயித்துக்காவது ஏதும் கிடைச்சுதோ எண்டா, அண்டைக்கெண்டு வெள்ளிக்கிழமை. வெள்ளியில நான் மரக்கறிச் சாப்பாடு மட்டும்தான். அந்த ஹோட்டல்காரி வெள்ளியில மீனைத் தவிர வேறொண்டும் சமைக்கமாட்டாவாம். அது அவையின்ர விரதமாம்! பாருங்கோ கூத்தை. மீன் திண்டு விரதமோ? நான் பேசாமல் பாணை, நீங்கள் பிரெட் எண்டுவீங்கள், அதைப் பிச்சு, கொண்டுபோன பொரிச்சிடிச்ச மிளகாய்ச் சம்பல் போத்திலைத் திறந்தன். அவ்வளவுதான்! மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து யன்னலைத் திறந்தா. அந்தக் குளிருக்க யன்னலைத் திறக்கிறா! அவையின்ர சீஸ் என்ன மல்லிகைப் பூவோ?

பழைய பட்டணமெண்டும் ரெண்டு மூண்டு காட்டினவை. நிலத்தில கல்லு, சுவரில கல்லு. என்ர செருப்பு வார் அறுந்துபோச்சு. இவர் ஒவ்வொரு கல்லாத் தடவித் தடவி, 'எழுநூறு வருசம் யோகம், எழுநூறு வருசம்!' எண்டுறார். பழசெண்டாப் போல என்ன? யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தன்தானே கட்டினவன், அதுக்குள்ளயே நான் காலடி வைக்கேல்லை. பிறகு ஒரு மணிக்கூண்டில ஏறுவமெண்டு போனா அதுவும் பூட்டு. ஏப்ரலில திறப்பினமெண்டு எழுதி மட்டை தொங்குது. இவர் அந்த மட்டைக்கு முன்னால கனநேரம் நிண்டவர். பாவம்...

என்ன சிரிக்கிறீங்கள்? ஏன் தையில போனனாங்களெண்டோ?

அது வந்து... இவர் முதல் ஆடிக்குத்தான் புக் பண்ணினவர். 'அங்க அப்பதான் கோடை' எண்டவர். ஆடியில ஆராவது பயணம் வெளிக்கிடுவினமோ? நீங்களே சொல்லுங்கோ! நான்தான் ஏஜென்ற்றிட்டப் போய் மாத்துவிச்சனான். மார்கழியும் கூடாது. தை பிறந்தா வழி பிறக்கும். பஞ்சாங்கத்தில பாத்தன், தசமி, நல்ல நாள். குளிருமெண்டு சொன்னவர்தான். ஒரு குடை போதுமெண்டனான். தையில இங்க வெயில் மண்டையைப் பிளக்குது, அங்க அப்பிடி இருக்குமெண்டு ஆர் கண்டது?

நாலு வருச லீவைச் சேத்து வச்சிருந்த மனுசன், தங்கச்சி. ஒரு வார்த்தை ஏசேல்லை. ஏசியிருந்தா எனக்கு ஆறியிருக்கும்.

இப்ப எங்கயிருந்து வாறனெண்டு நீங்கள் கேக்கேல்லை. எயார்போட்டில இருந்து. இவரை ஏத்திப்போட்டு வாறன். ஓம், தனியத்தான் போறார். அதே இத்தாலி, அதே கிராமம்! ஆடி மாசம், செவ்வாய்க்கிழமை, அதுவும் ராகுகாலத்தில... வேணுமெண்டு எடுத்தாரோ, கிடைச்சதை எடுத்தாரோ, நான் கேக்கேல்லை. 'நானும் வரட்டோ' எண்டு ஒரு மாசமாத் தொண்டைக்குள்ள நிண்டது. கேட்டிருந்தாக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். ஆனா ஆடியெல்லோ... அவ்வளவு கதை கதைச்சுப்போட்டு நான் எந்த முகத்தோட கேக்கிறது?

இந்தப் பையோ? சுவெட்டர். நான் பின்னினது. அவருக்குத் தெரியாமல் அவற்ற பெட்டிக்குள்ள வச்சுவிட்டனான். நிறை கூடிப்போச்செண்டு எயார்போட்டில பெட்டியைத் திறந்தவர், இதைத்தான் எடுத்து என்ர கையில தந்தார். 'அங்க இப்ப நல்ல வெயில் யோகம். இங்கதான் குளிரும், நீர் போடும்' எண்டார். கோவமாச் சொல்லேல்லை. அதுதான்...

ஐயோ, ஏன் எழும்புறீங்கள்? இது பரமட்டா, தங்கச்சி! டூங்காபி எண்டெல்லோ சொன்னீங்கள்? இன்னும் நாலு ஸ்ரேசன் கிடக்கு! ஆ? இங்க வேலையிருக்கோ? இந்த நேரத்திலயோ? சரி, சரி... போட்டு வாங்கோ.

தங்கச்சி! உங்கட புத்தகம்! புத்தகத்தை விட்டிட்டுப் போறீங்கள்!... இறங்கிப் போட்டா.

ம். மஞ்சள் வீடு. இந்தா, இந்த மூலையிலதான் வலை காயப்போட்டிருந்தவை. நாளையிண்டைக்கு இவர் இதில நிப்பார்.

படத்தில எல்லாக் கதவும் திறந்துதான் கிடக்கு.