மவுஸ் பிடிக்கிற கை

என் அறைக் கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும், இன்ஸ்பெக்டர் மேடம். ஓங்கிச் சாத்தினால்தான் மூடும். ஆஸ்பத்திரியில் கேட்டபோது அப்படித்தான் சொன்னேன்.

தங்கைக்கு ஒன்பது வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். தலை வாரிவிட்டது, காய்ச்சலில் கூடவே கிடந்தது எல்லாம் நான். கல்யாணமும் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அதைச் சொல்லிக்காட்டியதில்லை, அவ்வப்போது நினைவுபடுத்துவேன், அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வயதில் ஓர் ஆன்லைன் வீடியோ கேம் போட்டித் தளத்தில் சேர்ந்தாள். முகம் தெரியாத நான்கு பேரோடு ஓர் அணி. அவளைச் 'சூறாவளி' என்று கூப்பிடுவார்கள். வீட்டில் ஒரு டம்ளர் கழுவமாட்டாள், அங்கே சூறாவளி. நானும் சிரித்தேன். பிறகுதான் பரிசு என்னவென்று சொன்னாள். ஜெயிக்கிற அணிக்கு வேறு ஊரில் வீடு, பயிற்சி, இரண்டு வருட ஒப்பந்தம்.

இரண்டு வருடம் அவள் வேளாவேளைக்குச் சாப்பிடுவாளா?

முதலில் சின்னதாகத்தான் செய்தேன். ஆட்டம் சூடுபிடிக்கும்போது கூடத்தில் நெட் வயரைப் பிடுங்கி, பத்து எண்ணித் திரும்பச் சொருகுவேன். "பாழாப்போன நெட்டுக்கா" என்று என் தோளில் சாய்ந்து அழுவாள். நல்ல நாட்கள் அவை. அரையிறுதியை மட்டும் செல்போன் நெட்டில் ஆடிவிட்டாள்.

காதில் மாட்டிய மைக்கைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, என் அறைக் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"அக்கா, ஜெயிச்சுட்டோம். சனிக்கிழமை ஃபைனல். நீ என் பக்கத்துலயே உட்காரணும், என்ன?"

"உட்காராமலா? அப்படியே நில்லுடி, சட்டையில பூச்சி. கையை எடுக்காத."

எடுக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் கேட்பாள்.

மைக் அணையவில்லை, அந்த நால்வரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், எல்லாம் தளத்தில் பதிவாகியிருக்கிறது என்பது நீங்கள் போட்டுக்காட்டிய பிறகுதான் தெரிந்தது. கதவு அறைகிற சத்தம் இரண்டு முறை வருகிறதே என்கிறீர்கள். சரிதான். அன்று மழை இல்லை. தொட்டாலே மூடுகிற கதவு. முதல் தடவையில் விரல்கள் சிக்க மட்டும்தான் செய்தன. அதனால் தோளையும் கொடுத்தேன்.

வலது கை மட்டும்தான், மேடம். மவுஸ் பிடிக்கிற கை. இடது கையைத் தொடவேயில்லை. நான் என்ன கொடுமைக்காரியா?

இன்று காலை வரை நான்தான் ஊட்டிவிட்டேன். நான் உள்ளே நுழைந்தாலே, கட்டுப்போட்ட கையையும் மற்றக் கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். சின்ன வயதில் மிட்டாயை ஒளித்துவைத்துக்கொண்டு 'எந்தக் கை, சொல்லு' என்பாளே, அதே விளையாட்டு.