சுவருக்கு அந்தப் பக்கத்துப் பிரிண்டர்

அந்தோணிராஜ்: அண்ணே, இந்த ரவுட்டரக் கழட்டிரவா? நீதான் கடையவே காலி பண்றியே.

சகாயராஜ்: செத்த நேரம் பொறுலே... சாமான் ஏத்த சின்னாளப்பட்டி வண்டி இன்னும் வரல.

அந்தோணிராஜ்: புதுக்கடைக்கு இந்த ஆப்பிள் கம்ப்யூட்டர்களக் கொண்டு போகலயா?

சகாயராஜ்: இனிமே யாருலே இதுக்கு ரிப்பேர் பாப்பாக? அச்சாபீசுக்கு இது வந்தன்னைக்கு நெனப்பிருக்கா? ஒவ்வொரு மிஷினுக்கும் அடையாள நம்பர் போட ஆளத் தேடி மதுரைக்குப் போனோம்.

அந்தோணிராஜ்: அந்த மதுரைக்காரன் சிரிச்சான்ல. "நீங்க போடவே வேணாம்ணே, சுச்சப் போட்டா அதுவே ஒரு நம்பர் எடுத்துக்கும்"னு.

சகாயராஜ்: எடுத்துக்கிட்டு, "இந்த நம்பர்ல வேற யாரும் இருக்கீகளா"ன்னு கேக்கும்...

அந்தோணிராஜ்: பதில் வந்தா வேற நம்பரப் பாத்துக்கும். சண்ட கெடையாது.

சகாயராஜ்: நாமதான் சுவரு வச்சோம்.

அந்தோணிராஜ்: அத விடுண்ணே.

சகாயராஜ்: பாகம் பிரிக்கையில பிரிண்டர் ஒம்பக்கம் போயிருச்சு. ஒம்மதினி அழுததுனாலதான சுவத்துல ஓட்டை போட்டு இந்த ரவுட்டர வச்ச?

அந்தோணிராஜ்: ம்... ஒம்பக்கத்துக்கு ஒரு நெட்வொர்க் நம்பர், எம்பக்கத்துக்கு ஒண்ணு. எது எங்க இருக்குன்னு இதுக்குத்தான் தெரியும். நீ ஸ்கிரீன்ல எம்பக்கத்துப் பேரத் தொட்டு பிரிண்டர அமுக்குனா, கல்யாணப் பத்திரிகைய அங்கிட்டுத் தள்ளிவிட்ரும்.

சகாயராஜ்: நல்ல பெட்டி. ஒருநாளும் மக்கர் பண்ணல.

அந்தோணிராஜ்: பண்ணல... கரண்டு போய் வந்தா அப்பப்ப செத்துரும். நான்தான் எம்பக்கமிருந்து அணைச்சுப் போடுவேன்.

சகாயராஜ்: பேச்சுவார்த்தை இல்லாதப்பவுமா?

அந்தோணிராஜ்: கல்யாண வீட்டுக்காரவுக காத்துக் கெடப்பாகள்ல... அத விடு. ஏண்ணே, அந்த மூலையில துணி போத்தி வச்சிருக்கியே, அது என்ன?

சகாயராஜ்: ஒண்ணுமில்லலே. தொடாத.

அந்தோணிராஜ்: பிரிண்டர்ல்ல இது... யாருது?

சகாயராஜ்: என்னுதுதான். வாங்கி ரெண்டு வருசமாச்சு.

அந்தோணிராஜ்: ரெண்டு வருசமா? நேத்துக் கூட எம்பிரிண்டருக்குத்தான அனுப்புன?

சகாயராஜ்: ஆமா.

அந்தோணிராஜ்: கையில பிரிண்டர வச்சுக்கிட்டு... எதுக்குண்ணே?

சகாயராஜ்: பேப்பரக் குடுக்க நீதான வாசலுக்கு வருவ. பேச மாட்ட... மூஞ்சியவாச்சும் பாத்துக்கலாம்ல.