கடைசி அஞ்சு வரி

அதெல்லாம் வேணாம்மா, வேற யாரையாவது கூப்பிடுங்க. நவீன சமுதாயத்தில் பத்திரிகைகளின் முக்கியத்துவம்... தலைப்பைச் சொல்றதுக்குள்ளயே மூச்சு வாங்குதே. உங்க காலேஜ்ல பேச ஒரு எடிட்டர் கூடவா கெடைக்கல? நான் பக்கம் ஒட்டினவம்மா. இருபத்தாறு வருஷம் நின்னுக்கிட்டே ஒட்டினேன். கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டதுதான் மிச்சம்.

உக்காருங்க. கொஞ்சம் மெதுவாவே பேசுவோம், உள்ள தங்கச்சி தூங்கறா.

ஒட்டறதுன்னா? அப்பல்லாம் செய்தி நீள நீளமா காகிதப் பட்டையா வரும். பின்னாடி பசை தடவி, பக்க அளவு அட்டையில ஒட்டணும். கையில பிளேடு இருக்கும். எடம் பத்தலன்னா செய்தியைக் கீழேர்ந்து வெட்டணும், அதான் முறை. முக்கியமானதை நிருபர் மேலயே எழுதிருவார், வாலை நறுக்கினா ஒண்ணும் ஆகாதும்பார் எங்க ஃபோர்மேன். படிச்சுப் பாத்து வெட்ட யாருக்கு நேரம் இருந்துச்சு? சாயங்காலப் பேப்பர். பன்னெண்டு மணிக்கு வெளியூர்ப் பதிப்பு பஸ்ஸுல ஏறணும், ரெண்டு மணிக்கு உள்ளூர்ப் பதிப்பு அச்சுக்குப் போகணும். ஒண்ணுக்கு ஒதுங்கக்கூட மாத்தாள் பாக்கணும்.

முக்கியத்துவமா? அதுக்குத் தங்கச்சியைத்தான் நீங்க பாக்கணும். தினம் மூணு பேப்பர் வாங்கறா. டெண்டர் நோட்டீஸ், காணவில்லை, கடைசியில அச்சிட்டவர் விலாசம் வரைக்கும் ஸ்கேல் வச்சு வரி வரியாப் படிப்பா. கண் ஆபரேஷன் பண்ணிக் கட்டுப் போட்டிருந்தப்ப என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டா. அலுப்புல ரெண்டு வரி தாண்டினேன், ஏன்க்கா முழுங்கறேன்னுட்டா. சிரிங்க, பரவால்ல. தெருவே சிரிக்குது.

முன்னல்லாம் இப்படி இல்லம்மா. தலைப்பை மேஞ்சுட்டு மடிச்சு வச்சிருவா.

அவளுக்கு ஒரு பொண்ணு இருந்தா. நாலு வயசு. பெரிம்மா கையில பசை வாசனைன்னு சொல்லிட்டு, அந்தக் கையையே புடிச்சுக்கிட்டுத் திரியும். இருமல்னு கடையில மருந்து வாங்கிக் குடுத்துக்கிட்டிருந்தா. அந்த வாரந்தான் ஏழெட்டுக் குழந்தைங்க ஏதோ இருமல் மருந்து குடிச்சு, மூத்திரம் அடைச்சுப் போய் ஆஸ்பத்திரியில கெடந்துச்சுங்க. எங்க பேப்பர்ல செய்தி வந்துச்சு. மந்திரி போய்ப் பாத்தார், ஆறுதல் சொன்னார், விசாரணைக்கு உத்தரவு போட்டார். இவ பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டே படிச்சிருக்கா. மருந்து பேரு எங்கயும் இல்ல. நம்ம மருந்தா இருந்தா அக்கா பேப்பர்ல போடாமலா இருப்பாங்கன்னு, அன்னிக்கும் ஒரு மூடி குடுத்தா, மறுநாளும் குடுத்தா.

நாலாம் நாள் நாங்களும் அதே வார்டுல நின்னோம். அங்க ஒரு நர்ஸ், தினம் வெளியூர்லேர்ந்து பஸ்ஸுல வர்ற பொண்ணு. மனசு கேக்காமதான் சொன்னா. ஏம்மா, பேரும் பாட்டில் நம்பரும் பேப்பர்ல போட்டிருந்துச்சே, எங்க ஊர்ல எல்லாரும் எடுத்துக் கொட்டிட்டோமே, நீங்க படிக்கலையாம்மான்னு.

தங்கச்சி அழக்கூட இல்ல. நான் சரியாப் படிக்கலக்கா, கண்ணு தாண்டிருச்சுன்னா. அன்னிக்குச் சொன்னது. முப்பத்தோரு வருஷமா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கா.

ஆமாம்மா, போட்டுத்தான் இருந்துச்சு. வெளியூர்ப் பதிப்புல. செய்தியோட கடைசி அஞ்சு வரி. மந்திரியை மேல போடணும்னு நிருபருக்குச் சொல்லியிருந்தாங்க போல. ஒண்ணரை மணிக்கு ஒரு மெத்தைக் கடை விளம்பரம் வந்துச்சு, உள்ளூர்ப் பதிப்புக்கு மட்டும். எடம் பண்ணணும்.

வெட்டினது வேற யாரு, அந்தப் பக்கம் என் கையிலதான் இருந்துச்சு. படிக்கல. சத்தியமாப் படிக்கல.

அது கூடப் பொறுத்துக்கலாம்மா. வேலை அப்படி, கை அப்படிப் பழகிருச்சு. கொழந்தையை எடுத்துட்டுப் போன பின்னாடி வீட்டுல பொம்பளைங்க எல்லாரும் முன்னறையில உக்காந்திருந்தாங்க. நான் தண்ணி குடிக்க சமையலறைக்குப் போனேன். அலமாரியில அந்த மருந்து பாட்டில், அதுக்கு அடியில அந்தச் செய்தி வந்த பேப்பர், நாலா மடிச்சு. பாட்டிலைத் தூக்கினேன். பேப்பரை உருவி என் பையில வச்சுக்கிட்டேன். பாட்டிலைத் திரும்ப அதே எடத்துல வச்சேன்.

மறுநாள் அவ வீடு பூரா அந்தப் பேப்பரைத் தேடினா. எந்த மூலையில போட்டிருந்தாங்க, எப்படிக் கண்ணுல படாமப் போச்சுன்னு பாக்கணும்னு. நானும் கூடச் சேந்து தேடினேன்.

சொல்லலாந்தான். தாங்க மாட்டாளேன்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பொய்ம்மா. சொன்னா என்னை விட்டுப் போயிருவா. எனக்கும் வேற யாரு இருக்கா.